தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்

1

“பெரியப்பா, இதுல நிறைய எழுதினா இது கனமாயிடுமா?”

என் மடிக்கணினியைப் பார்த்துத் தம்பி மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி. ஆகாது என்றேன். “அப்போ எழுதினதெல்லாம் எங்க இருக்கு?” என்றாள். உள்ளேதான் என்றேன். “உள்ள இருந்தா கனமாகணுமே” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகும் ஒரு பெண், எடை குறைந்த மடிக்கணினி ஒன்று வாங்குகிறாள். அவ்வளவுதான் கதை. நீங்கள் கொட்டாவி விடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் நின்று பொருளை விளக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள். அந்த நம்பிக்கை இந்தக் கதையில் கெட்டுப்போகிறது. கெடுத்தவள் நல்லவள்.

2

தொடக்கம் எழுதுவதில் மூன்று நாள் போயிற்று.

“மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்...” வேண்டாம். மடிக்கணினி வாங்க மழை எதற்கு?

“மனித வாழ்வில் சுமை என்பது...” இது கதை இல்லை, பிரசங்கம். எனக்குப் பிரசங்க வியாதி உண்டு. [கைப்பிரதியில் ‘உண்டு’ என்ற சொல்லுக்குக் கீழே என் மனைவி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.]

சரி, நேராகவே வருகிறேன். அவளுடைய வேலை தராசுகளைச் சோதிப்பது. மருந்துத் தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், துறைமுகக் கிடங்கு என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் போய், தன் பெட்டியிலிருக்கும் படிக்கற்களை வைத்துப் பார்த்து, எந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று சான்றிதழ் தருவாள். மாதத்தில் இருபது நாள் பயணம். உடன் வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிராம் மேடம். படிக்கல்லை வெறும் கையால் தொட்டால் விரலின் ஈரம்கூட எடையில் சேரும் என்பதால் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பாள். வீட்டில் பழக்க தோஷத்தில் தயிர்க் கிண்ணத்தை ஒருநாள் கையுறையோடு எடுத்து, கணவனிடம் ஆறு மாதம் கேலி வாங்கியவள்.

பழைய மடிக்கணினி இரண்டே முக்கால் கிலோ. வலது தோள் ஒரு வருடமாக மேலே எழும்ப மறுத்தது. “பையோட கனத்தைக் குறைங்க, இல்லேன்னா வேலையை மாத்துங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் கடைக்குப் போனாள்.

3

கடையில் அவளுக்கு வாய்த்தவர் ஐம்பது தாண்டியவர். எதைக் கேட்டாலும் வகுப்பெடுப்பது போல விளக்குவதால் கடையில் எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். மேஜையில் இருக்கும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் முன்னால் அவரே தன் கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்.

“இது பாருங்க மேடம், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம். ஒரு கிலோகூட இல்ல. ரெண்டு விரல்ல தூக்கலாம்.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தூக்கினாள்.

“கையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும், சும்மா தொடுங்க,” என்றார் வாத்தியார். “நகைக்கடையிலகூட யாரும் இப்படித் தூக்கி நான் பார்த்ததில்ல.”

“பழக்கம் சார். தராசு சோதிக்கறதுதான் என் வேலை. தோள்வலி, அதான் லேசா தேடறேன். ஒண்ணு கேக்கலாமா? நானே எடை போட்டுப் பார்க்கட்டுமா?”

“வீட்டுல வாழைக்காயைக்கூட எடை போட்டுத்தான் வாங்குவீங்க போல. போடுங்க, தாராளமா.”

பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து மேஜையில் வைத்தாள். ஜீரோ செய்தாள். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். நாளைக் காலை மருந்துத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும், ரயில் ஆறு பத்துக்கு.

(வாசகரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் கவனிக்கவில்லை.)

அவள் திரும்பி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, புது எந்திரத்தின் அடியில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று, வாத்தியார் ஒரு தடித்த கம்பளித் துணியை நாலாக மடித்துத் தராசுத் தட்டின்மேல் பதமாக விரித்தார். அது ஒரு நல்ல காரியம். அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி எந்திரத்தைத் துணியின்மேல் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். தராசைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்குக்கூட இந்தத் தவறு வராது; அவன் முதலில் துணியைத்தான் பார்ப்பான். பதினேழு வருடம் எண்ணையே பார்த்துப் பழகியவளுக்கு மட்டும்தான் வரும்.

“சார், அட்டையில தொள்ளாயிரத்துத் தொண்ணூறு போட்டிருக்கீங்க. ஆயிரத்து நூத்தி முப்பது காட்டுதே. நூத்தி நாப்பது கிராம் எங்கேர்ந்து வந்துச்சு?”

குரல் சற்று உரக்க இருந்தது. எந்திரங்கள் இரையும் கிடங்குகளில் பேசிப் பழகிய குரல். பக்கத்து மேஜையில் தன் அலுவலகத்துக்காகப் பத்து எந்திரம் வாங்க வந்திருந்த ஒருவர், கையிலிருந்த விலைப்பட்டியலைக் கீழே வைத்தார். “எடையிலயே இப்படின்னா பேட்டரி எப்படியோ,” என்று யாரிடமும் சொல்லாதது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார்.

வாத்தியார் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி கொடுத்த எண்ணைத்தான் எழுதினேன் மேடம். ஆனா நீங்க அளக்கறதையே தொழிலா வெச்சிருக்கீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பேனாவை எடுத்தார். அட்டையில் 990ஐ அடித்து, மேலே 1130 என்று எழுதினார்.

அதற்குப் பிறகும் அவர் அவளை விட்டுவிடவில்லை. (நானாக இருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பேன்.) “லேப்டாப்பை மட்டும் தூக்கிட்டு யாரும் ஊருக்குப் போறதில்ல மேடம். இதோட சார்ஜர் நானூத்தி இருபது கிராம். தராசையும் லேப்டாப்பையும் இணைக்கற உங்க கேபிளை இதுல நேரா மாட்ட முடியாது, தனியா ஒரு டப்பா வாங்கணும், அது ஒரு நூத்தி முப்பது. அந்த மூலையில இருக்கு பாருங்க, அதைப் பாருங்க. பார்க்க எருமை மாதிரி இருக்கும். ஆயிரத்து இருநூத்திப் பத்து கிராம். ஆனா சார்ஜர் நூத்தி எண்பதுதான், அதுலயே போனும் சார்ஜ் ஆகும். உங்க கேபிளும் நேரா போகும். கூட்டிப் பாருங்க, மொத்தத்துல இதுதான் லேசு. தோள்வலின்னு வேற சொல்றீங்க.”

அவள் கூட்டிப் பார்த்தாள். அதுதான் லேசு. அதையே வாங்கினாள். தராசைத் துணியோடு சேர்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

4

இதுவரை எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன்.

“இந்தக் கதையில ஏன் எல்லாரும் உங்களை மாதிரியே நல்லவங்களா இருக்காங்க? அந்த மேனேஜராவது கொஞ்சம் கெட்டவனா இருக்கட்டுமே. போர் அடிக்குது.”

“கெட்டவன் இல்லாமலே கெட்டது நடக்குதுன்னுதான் சொல்ல வர்றேன்.”

“பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க பிரசங்கத்தை.”

பழைய பிரதியில் மேலாளருக்குத் தொப்பையும் சிடுசிடுப்பும் வைத்திருந்தேன்.* இப்போது எடுத்துவிட்டேன். அவர் நியாயமானவர். பத்து எந்திரம் விற்காமல் போனதை மேலிடத்தில் விளக்க வேண்டிய நிலை. வாத்தியாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்பக்கம் பார்சல் கவுன்டருக்கு மாற்றினார். இதைவிட நியாயமாக ஒரு மனிதரின் வாயை எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

* தொப்பை இருப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கும் உண்டு.

5

மறுநாள் மருந்துத் தொழிற்சாலையின் எடை அறை. பை உண்மையிலேயே லேசாக இருந்தது. ரயிலடிப் படியில் நிற்காமல் ஏறியிருந்தாள். தராசைப் பிரித்தபோது துணி கீழே விழுந்தது.

“இது எதுக்கு மேடம்?” என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

“எதுக்கும் இல்லம்மா. கடையில...”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. துணியை எடுத்துத் தராசில் வைத்தாள்.

நூற்று நாற்பது.

“என்ன மேடம், உக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுமா?”

அட்டையில் எண்ணை அடித்து எழுதிய அந்தக் கை அவள் நினைவுக்கு வந்தது. ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.’ அவள் சான்றிதழில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு இடத்திலும் மனிதர்கள் இதே நம்பிக்கையில்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

6

இனி முடிவு. என்னிடம் சில இருந்தன.

(அ) அவள் கடைக்கு ஓடிப்போய் எல்லோர் முன்னும் அழுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். வாத்தியார் கண்ணைத் துடைக்... இல்லை. யாரும் கைதட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

(ஆ) துணியைத் தபாலில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறாள். நாம் பெரும்பாலும் செய்வது இதுதான் என்பதால் எழுதக் கை வரவில்லை.

(இ) போன் செய்கிறாள். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்” என்று வாத்தியார் சிரிக்கிறார். கதை சுபம். மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் நான் தினமும் இரண்டு வாங்குவேன்.

மூன்றையும் விட்டுவிட்டு, அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். காலையில் கண்ணை மூடி உட்காரும்போதுகூட அவள்தான் வந்தாள். கடவுள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

7

பன்னிரண்டு நாள் கழித்து ஊர் திரும்பியதும் கடைக்குப் போனாள். அட்டை அப்படியே இருந்தது. மேலாளரின் அறைக்குள் போகாமல், கூடத்திலேயே நின்று, அன்றைய அதே குரலில் சொன்னாள்: “சார், அன்னைக்கு எடை தப்பா போட்டது நான்தான். துணியோட சேர்த்துப் போட்டுட்டேன். உங்க வாத்தியார் எழுதினதுதான் சரி.”

விற்பனையாளர்கள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாடிக்கையாளர், “இந்த மாடல் கறுப்புல வருமா?” என்று கேட்டார்.

“அட, அதுக்காகவா மேடம் இவ்வளவு தூரம்?” என்றார் மேலாளர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். “நானும் யோசிக்காம அவரைப் பார்சலுக்கு மாத்திட்டேன். ஆனா உடனே திரும்பக் கொண்டுவர முடியாது, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. பார்க்கறேன். அவரு பின்னாடி நல்லாத்தான் இருக்காரு. அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதே இல்ல.”

அட்டையை மட்டும் மேலாளரே எடுத்துத் திருத்தினார். தவறுக்கு அது ஈடாகியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன் தலைகுனிந்த பிறகும் அவளுடைய தோளுக்காக நின்று கூட்டிக் கழித்துச் சொன்னாரே, அந்தக் கடன் அப்படியே இருந்தது.

பின்பக்கம் போனாள். கவுன்டரில் ஆள் இல்லை. ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘சாப்பிடப் போயிருக்கிறேன். இருபது நிமிடம். அவசரம் என்றால் மணி அடிக்கவும். அடிக்கடி அடிக்க வேண்டாம், ஒருமுறை போதும், காது நன்றாகக் கேட்கும்.’ பேச ஆளில்லாதவர் தாளோடு பேசியிருந்தார்.

மேஜைமேல் பார்சல் தராசு. பக்கத்தில் திரும்பி வந்த நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் இருந்த எடையைக் கூரியர்காரர்கள் சிவப்பு மையால் அடித்து, ‘எடை தவறு’ என்று எழுதியிருந்தார்கள். இங்கேயும் அவர் சொன்ன எண் நிற்கவில்லை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தராசின் தட்டைத் தூக்கினாள். அடியில் பெட்டி ஒட்டும் நாடா ஒன்று சுருண்டு சிக்கி, தட்டை முழுதாக அமுங்க விடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். ஒரு காலுக்கடியில் யாரோ மடித்து வைத்திருந்த அட்டைத் துண்டை உருவிவிட்டு, காலின் திருகாணியைச் சுற்றித் தராசைச் சமன் செய்தாள். படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று. இரண்டு. ஐந்து. மூலைகளில் வைத்துப் பார்த்தாள். மீண்டும் நடுவில். சோதித்த தராசில் தன் பெயரும் தேதியும் உள்ள வில்லையை ஒட்டுவது வழக்கம். பெட்டியைத் திறந்தாள். வில்லையை எடுக்காமல் மூடினாள்.

அவர் திரும்பி வரும்போது அவள் அங்கே நின்று நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டாளா, அதற்குமுன் போய்விட்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. அதை உங்களிடம் விடுகிறேன். என்னைவிட நன்றாகவே முடிப்பீர்கள்.

எனக்கு இப்போது வேறு உறுத்தல். யாரும் பார்க்காமல் அவள் செய்த வேலையை நான் பார்த்துவிட்டேன். உங்களையும் கூட்டிவந்து பார்க்க வைத்துவிட்டேன். படிகளில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வாருங்கள், அவர் வருவதற்குள் நாம் இருவரும் போய்விடலாம்.