அருவி விளிம்பில் மாப்பிள்ளை

தங்கச்சி புருஷனைக் கொல்லத்தான் மலைக்குக் கூட்டிப்போனேன். அருவிக்கு மேலே ஒரு ஏரி இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்றதும் பல்லிளித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தங்கச்சி சமையலறையில், வீங்கிய தாடையோடு ஸ்ட்ரா வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். இன்னொரு முறை அப்படி விழுந்தால் எழமாட்டாள்.

நானும் அவனும் ஒரே கம்பெனி. உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள். அருவியை ஒட்டி ஈரப் பாறை வந்ததும், பேசாமலே பையிலிருந்து கயிற்றை எடுத்து இடுப்பில் ஆளுக்கொரு முனையைக் கட்டிக்கொண்டோம். கொல்லப் போகிறவன் தன்னையும் சேர்த்துக் கட்டுவானா? நான் கட்டினேன். பழக்கதோஷம். மூளை எங்கே போய்த் தொலைந்ததோ.

மேலே ஏரி பச்சையாக, ஓரத்தில் பனிக்கட்டியோடு கிடந்தது. அது அருவியாக விழும் விளிம்பில் குனிந்து தண்ணீர் குடித்தான்.

"ஏன் மச்சான், மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க? அவளுக்கு வாய் நீளம். ஒரு தட்டு தட்டினேன், அவ்வளவுதான்."

நெஞ்சில் உதைத்தேன். விழுந்தவன் என் காலை வாரினான். பாறையில் மோதி என் முன்பல் உடைந்தது. கையில் கிடைத்த கல்லால் அவன் காதோரம் ஓங்கி அடித்தேன். ரத்தம் தெறித்தது. எழ முயன்றவனை மறுபடி உதைத்தேன். விளிம்பைத் தாண்டிப் போய்விட்டான்.

கயிறு என் இடுப்பை அறுத்தது. கூட்டாளி வழுக்கினால் செய்வதை உடம்பு தானாகச் செய்தது. சட்டென்று உட்கார்ந்து, குதிகாலைப் பாறையில் ஊன்றி, இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அழுகை முட்டியது. அவனுக்காக இல்லை, என் கையாலாகாத்தனத்துக்காக.

விளிம்பில் அவன் தலை தெரிந்தது. பாறையைப் பற்றிக்கொண்டு சிரித்தான்.

"உங்களால முடியாது மச்சான். வீட்டுக்குப் போனதும் அவளுக்கு இருக்கு."

"அவ என்னடா பண்ணா?"

"உங்கள ஏவி விட்டதே அவதானே."

அவளுக்கு எதுவுமே தெரியாது. சொன்னால் நம்பமாட்டான். நான் இழுத்துக் காப்பாற்றிய உயிர் நேராக அவள் சமையலறைக்குத்தான் போகும்.

என் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். அவன் சிரிப்பு நின்றது.

"மச்சான், கயிறு" என்றான், மெதுவாக.

எழுந்து போய், அவன் விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்தேன்.