முழங்கால் சிராய்ப்பு

அப்பாவின் கண்களை மூடிய அதே கையோடு அம்மா மகள் தவளைக்குத் தலை பின்னிவிட்டாள். இறுக்கி, வலிக்க வலிக்கப் பின்னினாள். பரணுக்குப் போகும் ஏணி இன்னும் சுவரில் சாய்ந்துதான் இருந்தது.

"கயிறு எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போ. தெனமும் ஆடுற மாதிரி ஆடு" என்றாள். "மாமா பின்னாடி குழி வெட்டிக்கிட்டிருக்கார். அதுவரைக்கும் நான் தையல் மிஷினை மிதிக்கறேன். அப்புறம் அப்பாவை எறக்கணும், சத்தம் நிக்கும். பயப்படாத. மறுபடி கேட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்போ உள்ள வா."

"அழக்கூடாதாம்மா?"

"அழுதா ஏன்னு கேப்பாங்க, கண்ணு. அப்புறம் ஒளிச்சு வெச்சதுக்கு என்னையும் புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

அம்மாவும் அழவில்லை. அழுவதற்கு அந்த வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

தெருவைப் பொறுத்தவரை அப்பா போன மழைக்காலத்திலேயே செத்துப்போனவர். படைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, ஆற்றில் படகு கவிழ்ந்து போய்விட்டார் என்று அம்மா சொல்லிவிட்டாள். தெருவே திரண்டு வந்து துக்கம் கேட்டது. தவளையும் அழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பரண் பலகை இடுக்கிலிருந்து அப்பா ஒற்றைக் கண்ணைச் சிமிட்ட, இவள் களுக்கென்று சிரித்துத் தொலைத்தாள். "கல்நெஞ்சுக்காரி!" என்று எதிர்க்கடை அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து அப்பா இருமும்போதெல்லாம் அம்மா தையல் மிஷினை மிதித்தாள். தைக்கத் துணி இல்லாத நாளிலும் மிதித்தாள். இருமல் முற்ற முற்ற மிஷினுக்கு ஓய்வே இல்லாமல் போனது. டாக்டரைக் கூப்பிட வழியில்லை. செத்துப்போனவருக்கு எந்த டாக்டர் வருவார்?

தவளை கயிற்றைச் சுழற்றினாள். மங்கலான வெயிலில் தெரு பாதித் தூக்கத்தில் கிடந்தது. பின்பக்கம் மாமா மண்வெட்டியைப் போடும் சத்தம் வந்தது. சண்டை தொடங்கியதிலிருந்து எல்லார் வீட்டுப் பின்புறமும் காய்கறிப் பாத்திதான். அந்தச் சத்தத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

கயிறு தரையில் படுவதைக் கேட்டு அப்பா பரண் பலகையில் விரலால் மெல்லத் தாளம் போடுவார். தவளை என்பதே அவர் வைத்த பெயர். இன்று ஒவ்வொரு முறை எம்பும்போதும், கால் தரையில் படாத அந்த நொடியில், அப்பா சாகவில்லை என்று தோன்றியது. தாளம்கூடக் கேட்டது. கால் பட்டதும் செத்துப்போனார். மறுபடி எம்பினாள். மறுபடி இருந்தார். இறங்காமலே இருந்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உள்ளே மிஷின் நின்றது.

தெருமுனையில் காவல் நின்ற சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். கெட்டவன் இல்லை. இவள் ஆடும்போது சில நாள் கைதட்டுவான்.

"என்ன தவளை, அம்மா மிஷின் நின்னுடுச்சு?"

"நூல் அறுந்துபோச்சு" என்றாள், கயிற்றை நிறுத்தாமலே.

"நல்லதாப் போச்சு. சட்டைல பட்டன் ஒண்ணு தொங்குது. ரெண்டு தையல் போடச் சொல்றேன்." துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தால் நேரே ஏணி. ஓடிப்போய் மறித்தால் சந்தேகம் வரும். அவள் கயிற்றை இன்னும் வேகமாகச் சுழற்றினாள். இதுவரை எம்பாத உயரத்துக்கு எம்பினாள். இறங்கும்போது கயிற்றைத் தன் காலிலேயே விட்டுக்கொண்டாள்.

முழங்கால் சரளையில் தேய்ந்தது. "அம்மா!" என்று அலறினாள். அம்மாவை உஷார்படுத்தத்தான் அலறினாள். அதற்கு அப்புறம் வந்தது அவள் திட்டத்தில் இல்லை. அப்பா என்று வந்தது. அப்பா, அப்பா என்று வந்துகொண்டே இருந்தது.

சிப்பாய் கதவை விட்டுத் திரும்பி ஓடிவந்தான். "அட, இத்தனூண்டு காயம். ஊதினாப் போயிடும்." குனிந்து ஊதினான். அவள் அழுகை கூடியது.

அம்மா வெளியே வந்து, கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். முழங்கைவரை மண். அந்த மண்ணைப் பார்த்ததும் அப்பா எங்கே இருக்கிறார் என்று தவளைக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தி கட்டிக்கிட்டிருந்தேன்..." என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்த அம்மா, முடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்து, அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

"அக்கா, சின்னப் புள்ள விழறதுதானே... நீங்களே இப்படி அழுதா எப்படி?" சிப்பாய் கையைப் பிசைந்தான்.

எதிர்க்கடை அத்தை செம்பில் தண்ணீரோடு வந்தாள். "நல்லாருக்கு கதை! அப்பன் செத்தப்போ சிரிச்ச பொண்ணு, முழங்கால் சிராய்ப்புக்கு என்னமா அழுவுது பாரு!" திட்டிக்கொண்டே காயத்தைக் கழுவிவிட்டாள்.

யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அழ அழ இருவருக்கும் மூச்சு வந்தது.

உள்ளே தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.

"யாரு, மாமாவா?" என்றான் சிப்பாய்.

"ஆமா" என்றாள் தவளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நூல் கோத்துட்டார் போல."

மாமாவுக்குத் தைக்கத் தெரியாது. ஒரு கால் ஊனம். மிஷின் விட்டு விட்டு, தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாய் கயிற்றைச் சுருட்டித் தவளையிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, அம்மா சொல்லியிருந்தபடி, நொண்டி நொண்டி உள்ளே போனாள்.