ஓடைக்குக் கொடுத்த இடம்

என் கணவர் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியர். வெளியே அவருக்குக் கோணல் வாத்தியார் என்று பெயர். நேராகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, அதைத் திரும்ப வளைந்தோடும் ஓடையாக்கியவர் அவர்.

முதல் தடவை வளைவுகளையெல்லாம் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரே அளவில் வெட்டினார். அடுத்த வெள்ளமே அவற்றைத் தின்றுவிட்டது. "நான் போட்ட கணக்கை ஓடை ஒத்துக்கல" என்று சாப்பிடும்போது சிரித்தார். பிறகு வளைவு வெட்டுவதை விட்டுவிட்டு, ஓடை தானாக வளைந்துகொள்ள இரண்டு பக்கமும் காலி இடம் கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்தார். கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. தண்ணீர் தெருவுக்குள் வந்தால் மறுபடி கான்கிரீட்தான்.

பெரிய மழையைப் பார்க்காமலே அவர் போய்விட்டார். அது இந்த வருடம்தான் வந்தது.

மழை விட்ட காலையில் ஓடைக்குப் போனேன். கான்ட்ராக்டர் பொக்லைனோடு நின்றிருந்தார். அந்தக் கான்கிரீட்டைப் போட்டவரும் அவர்தான், உடைத்தவரும் அவர்தான்.

"போச்சுக்கா. மூணாவது வளைவையே காணோம். சார் இருந்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பாரு."

"உங்களைத் திட்டாம அவருக்கு எங்க சோறு இறங்குச்சு?"

பேச்சுக்குச் சொன்னேனே தவிர, கண் வளைவு இருந்த இடத்தைத்தான் தேடியது. ஓடை வளைவை வெட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்திருந்தது. அவரோடு இதுவும் போய்விடுமோ?

நகராட்சிப் பொறியாளர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். சின்ன வயதுப் பெண். உடைந்த கரையை அவர் பார்க்கவே இல்லை. புல் சாய்ந்து கிடந்த திசையில் நடந்தார். சருகும் பிளாஸ்டிக் பைகளும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. அங்கே நின்று தெருவைத் திரும்பிப் பார்த்தார். தெரு வெகு தூரத்தில் இருந்தது.

"தண்ணி இதுவரைக்கும்தான் வந்திருக்கு."

"வளைவு உடைஞ்சிருச்சே மேடம். மண்ணைக் கொட்டிச் சரி பண்ணிடவா?"

"எதுக்கு? ஓடை புரண்டு படுத்திருக்கு. அதுக்குத்தானே சார் இவ்வளவு இடம் கேட்டாரு. நீங்க தள்ளிவிட்டா, அடுத்த மழைக்கு அது திரும்பவும் புரளும்."

"அப்ப மிஷினைத் திருப்பி அனுப்பிடவா?"

"இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கால்வாய் இன்னும் நேராத்தானே போகுது? ஒரு எட்டு பாத்துட்டு வருவோம். நீங்களும் வாங்கம்மா."

சேற்றில் செருப்பு புதையப் புதைய நானும் நடந்தேன். ஆஸ்பத்திரியின் பின்சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே, யாரும் எதுவும் கட்டாத நிலம் நிறையவே கிடந்தது.