உலகத்தின் ஒரே பிரதியும் இன்னொன்றும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை மதியம். அதுதான் இதன் முதல் கோளாறு. யூதர்களான நாங்கள் ஓய்வுநாளில் பேனாவைத் தொடக்கூடாது. சாயங்காலம் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரை ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. வேறு எந்தக் கிழமையில் சொல்லியிருந்தாலும், என் வீட்டுக்குச் சாப்பிட வந்த எல்கானா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைத்திருப்பேன். மனுஷன் சனிக்கிழமை பார்த்துச் சொன்னார். முந்தின நாளே அடுப்பில் ஏற்றிவைத்த ஹமீன் குழம்பிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, ஓட்டை உரித்தபடியே சொன்னார்.

"ஹெம்தா, இன்னொண்ணு இருக்கு."

"பானையில நிறைய இருக்கு. எடுத்துக்கோங்க."

"முட்டை இல்லம்மா. புத்தகம்."

நான் பானையை மூடிவிட்டேன். அன்று சாயங்காலம் பேனாவோடு பால்கனியில் நின்றேன். இரண்டு நட்சத்திரம் சீக்கிரமே வந்துவிட்டன. மூன்றாவது ஒரு மேகத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அது வருவதற்குள் கேட்டதில் பாதி ஒழுகிப்போய், அந்த இடத்தில் வேறு ஏதோ முளைத்துவிட்டது. எது கேட்டது, எது முளைத்தது என்று என்னை விசாரிக்காதீர்கள்.

2

பானையை ஏன் மூடினேன்? சொல்கிறேன்.

நான் ஜெருசலேமில் ஓர் ஏலக் கடைக்குப் பட்டியல் எழுதுகிறவள். பழைய எபிரேய ஜெபப் புத்தகங்களும் வேதாகமங்களும் என் மேஜைக்கு வரும். நான் எழுதுவேன்: "மெழுகுக் கறை. புழு அரித்த துளைகள். மூன்றாம் தாள் இல்லை. ஓரத்தில் ஒயின் சிந்திய தடம்." இருபது வருஷமாக இதுதான் என் இலக்கியம். ஒரே ஒரு தடவை, ஏழு வருஷம் முன்பு, உணர்ச்சிவசப்பட்டேன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் முந்நூறு வருஷம் முன்பு அச்சடித்த, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜெபப் புத்தகம் வந்தது. கப்பலேறிப் போகிற வியாபாரிகளுக்காகப் போட்டது. ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. கிடைத்த நூலகப் பட்டியல்களை எல்லாம் துழாவிவிட்டு எழுதினேன்: "உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி."

எல்கானா தூரியேல் புத்தகத்தை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் வாங்கியது அந்த வாக்கியத்தை.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் அவர். வீட்டில் கண்ணாடி அலமாரி, மேல்தட்டில் வேதாகமங்கள், கீழே ஜெபப் புத்தகங்கள். வேதாகமத்தின் தலைமேல் ஜெபப் புத்தகம் உட்காரக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அந்த லிவோர்னோ புத்தகத்தை அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், எங்கள் புத்தாண்டுக்கு முந்தின வாரம், ஒரு பெரிய நூலகம் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக இருந்தது. பக்கத்தில் வைக்கிற அட்டையை எழுதவேண்டியது யார்? வேறு யார், இந்த மகராசிதான்.

3

தொடக்கங்கள். வெட்கப்படாமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "முப்பது வருஷம் ஊராரின் வாயைத் திறக்க வைத்த விரல்கள், இன்று ஒரு புத்தகத்தைத் திறக்க நடுங்கின." — பொய். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதும் எல்கானாவின் விரல் நடுங்காது. பிடுங்கிக்கொண்டவள் சொல்கிறேன்.

தொடக்கம் இரண்டு: "லிவோர்னோவிலிருந்து அந்தக் கப்பல் புறப்பட்டபோது—" வேண்டாம். கப்பலைக் கிளப்பினால் கரை சேர்க்க நூறு பக்கம் ஆகும்.

தொடக்கம் மூன்று: "மேலே இருக்கிற அந்த—"*

(* நிறுத்திவிட்டேன் பாருங்கள். அவருடைய திருப்பெயரை எழுதிவிட்டால் அந்தத் தாளைக் குப்பையில் போட முடியாது. நைந்துபோன புனித நூல்களுக்கென்று ஜெபக்கூடத்தில் ஒரு பெட்டி இருக்கும். அது நிறைந்ததும் மயானத்துக்குக் கொண்டுபோய், மனுஷரைப் புதைக்கிற மாதிரியே புதைப்போம். என் கதை பிடிக்காவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கசக்கி எறிய வேண்டும். அதனால் பெயரை எழுத மாட்டேன். பெட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அதற்குள்ளிருந்துதான் வருகிறது.)

4

இப்போது ஒரு பாத்திரச் சிக்கல். ஒரு மனுஷனுக்கு 'ஒரே' என்ற சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்பீர்கள். பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது ரொம்பக் கச்சிதமாக இருப்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எல்கானா இரட்டைப் பிறவி.

இதை நான் கற்பனை செய்திருந்தால் முதல் திருத்தத்திலேயே வெட்டியிருப்பேன். வெட்டியும் பார்த்தேன். மறுநாளே ஹைஃபாவிலிருந்து அவருடைய இரட்டை, ஷெமாயா, போன் செய்தார்.

"கதையில நான் இல்லையாமே."

"கொஞ்சம் இடிக்குது ஷெமாயா. இரட்டைப் புள்ளைங்க, இரட்டைப் புத்தகம். நானே சோடிச்ச மாதிரி இருக்கு."

"எங்கம்மா அப்படியெல்லாம் யோசிக்கல. பெத்துட்டா."

திரும்பச் சேர்த்துவிட்டேன். சேர்த்த பிறகுதான் எல்கானா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "ஸ்கூல்ல யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஹெம்தா. 'நீ ஷெமாயாவா, இன்னொருத்தனா'ன்னுதான் கேப்பாங்க. ஆறு நிமிஷம் லேட்டாப் பொறந்தேன், அதுக்கு அறுபது வருஷமா நான் இன்னொருத்தன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

அந்த இன்னொரு புத்தகத்தை அவர் பார்த்தது மஹனே யெஹூதா சந்தையில். ஆலிவ் காய் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் மஸ்லியா, மதிய ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று, பீப்பாய்களுக்கு நடுவே நின்று, ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்திருக்கிறார். எல்கானா கையிலிருந்த காய் அத்தனையும் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஞாயிறு எழுதலாம், நோட்டுப் புத்தகத்தோடு போனேன். புரட்டிப் பார்த்தேன். அதே அச்சு, அதே ஊர், அதே வருஷம். உப்புநீர் வாசனை மட்டும் அதிகப்படி.

"எனக்குக் குடுத்துடு மஸ்லியா. என்ன வேணும்னு கேளு."

"எதைக் குடுக்கச் சொல்றீங்க டாக்டர்? இது என்னோடதா? புதைக்கிற பெட்டியில கிடந்துச்சு. என் கிழிஞ்ச புத்தகத்தைப் போடப் போனேன். இது நல்லாத்தான் இருந்துச்சு, பாக்கெட்டுக்கும் அளவா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். புதைக்க வந்ததை வித்துத் தின்ன நான் யாரு?"

"அப்ப திரும்பப் பெட்டியிலயே போட்டுடு."

"உயிரோட இருக்கறதையா புதைப்பாங்க?" என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு கண்ணு, டாக்டர் நல்லாத்தான இருக்காரு? நையட்டும். எழுத்து தெரியாமப் போகட்டும். அன்னிக்கு நானே கொண்டுபோய்ப் போடறேன்."

திரும்பி நடக்கும்போது எல்கானாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே நான் ஓடியிருக்க வேண்டும்.

"நைஞ்சா போட்டுடுவானாம்."

"நாமளா கிழிச்சா பாவம்."

"யார் கிழிக்கச் சொன்னா? ஓதினா? ஓதி ஓதியே நைஞ்சா?"

"அது புண்ணியம்."

"அது மண்ணுக்குள்ள போயிட்டா, அட்டையில 'ஒரே பிரதி'ன்னு எழுதுவியா?"

"போயிட்டா எழுதலாம். பொய் இல்லையே."

ஆக, வாசகரே, நானும் உடந்தை. புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து மாதம்.

6

[இந்தப் பகுதியை வேகமாகப் படியுங்கள். நான் வேகமாகத்தான் எழுதினேன், சிரித்துச் சிரித்துப் பாதி வரி கோணல்.]

வருஷத்துக்கு ஒரு தடவை, பாவமன்னிப்பு நாளில் மட்டும் ஜெபக்கூடத்தில் தலைகாட்டுகிற எல்கானா, தினமும் காலை ஆறு மணிக்கு ஆஜரானார். நேராக மஸ்லியா பக்கத்தில் போய் நின்று, "உன் புத்தகத்துல கொஞ்சம் ஓதிக்கட்டுமா?" என்பார். மஸ்லியாவுக்கு நெகிழ்ந்துபோகும். மத்தியானம் சந்தைக்குப் போய் மறுபடி. சாயங்காலம் மறுபடி. தெருவே பேசியது. ஷெமாயா போன் செய்தார்.

"அவனுக்கு என்ன வியாதி? மறைக்காமச் சொல்லு."

"ஒரு வியாதியும் இல்ல."

"தினம் மூணு வேளை ஓதறானாம். எத்தனை மாசம்னு டாக்டர் சொல்லியிருக்காரு?"

தனியாக ஓதினால் சீக்கிரம் நையாது என்று எல்கானாவுக்குத் தோன்றியது. ஆள் சேர்த்தார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற ஒரு பழைய பஸ் டிரைவரைத் தேடிப் பிடித்து, "இதுல ஓதிப் பாருங்க, எழுத்து அழகா இருக்கு" என்று கையில் திணித்தார். ஜெபத்தின்போது தாரை தாரையாக அழுகிறவர் ஒருவர் உண்டு, அவருக்கும் கொடுத்தார். கடைசி வரிசையில் மூக்குப்பொடிக்காரர்கள் நான்கு பேர். சனிக்கிழமை காலையில் டப்பா கை மாறும், தும்மல் வரிசையாகக் கிளம்பும். புத்தகம் அந்த நால்வரிடமும் முறைவைத்துப் போய் வந்தது.

என்ன ஆயிற்று தெரியுமா? ஓதி முடித்ததும் ஒவ்வொருவரும் புத்தகத்தை மூடி முத்தமிட்டார்கள். அழுகிறவர் தாளில் விழுந்த தன் கண்ணீரைத் தானே கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். பஸ் டிரைவர் அதற்குத் துணியில் உறை தைத்துக்கொண்டு வந்தார். ஒருநாள் அது கைதவறிக் கீழே விழுந்தபோது ஆறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து மண்டையை முட்டிக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் அந்தப் புத்தகத்துக்கு எல்கானாவைவிட அதிக நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்கானாவுக்கும்தான். வீட்டில் ஒற்றையாய்ச் சாப்பிடுகிற மனுஷன், இப்போது வாரத்துக்கு மூன்று வீட்டில் விருந்து.

7

இங்கேதான் கதை என் கையைவிட்டு நழுவியது. நான் போட்டிருந்த திட்டப்படி, ஏழாம் பகுதியில் ஒரு தாள் கிழிய வேண்டும், எல்கானா மகிழ வேண்டும்.

கிழிந்தது. கடலில் புயல் அடித்தால் சொல்லவேண்டிய ஜெபம் இருக்கிற தாள். மஸ்லியா பதறிப்போய், காய் டப்பாவுக்கு விலை ஒட்டுகிற டேப்பை எடுத்து நீளமாக ஒட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நான் எல்கானா வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. மேஜைமேல் அவருடைய புத்தகமும், மஸ்லியாவிடம் இரவல் வாங்கி வந்ததும் பக்கத்தில் பக்கத்தில். அவர் பல் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹேர் டிரையரால் அந்த டேப்பைச் சூடாக்கி, மயிரிழை மயிரிழையாக உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்தில் மாவுப் பசை.

"என்ன பண்றீங்க?"

"டேப் ஒட்டியிருக்கான், ஹெம்தா. டேப். காட்டுமிராண்டி."

"நையணும்னுதான பார்த்தோம்? டேப்பை அப்படியே விட்டா இன்னும் ஒரு மாசத்துல தாளே போயிடுமே."

அவர் பல்லைச் சுரண்டுகிற கம்பியால் தாளின் கிழிசலை நேராக்கி, பசை தடவி, மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தினார். அப்புறம் தன் புத்தகத்தில் அதே தாளைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. மஸ்லியாவின் புத்தகத்தில் அதே தாள் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்து, நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது.

"இதை யாரோ நிஜமாவே நடுக்கடல்ல நின்னு ஓதியிருக்கான். பயந்துபோய் ஓதியிருக்கான்." தன்னுடையதைத் தொட்டார். "என்னுது கப்பலே ஏறல, ஹெம்தா. அதான் அழுக்காகல."

எனக்கு அழுகை வந்தது. பட்டியல் எழுதுகிறவளுக்கு ஒரு தாளைப் பார்த்து அழுகை வரக்கூடாது, வந்தது.

8

முடிவுகள்.

முடிவு அ: புத்தகம் நைந்து புதைக்கப்படுகிறது, எல்கானா நூலகத்தில் நெஞ்சை நிமிர்த்துகிறார். இதை எழுதி அவரிடம் காட்டினேன். "நானே ஒட்டினதை நானே புதைப்பேனா? என்ன ஆளுன்னு நினைச்ச?" என்றார். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: தன் கறையில்லாத பிரதியை மஸ்லியாவுக்கே கொடுத்துவிடுகிறார். மஸ்லியா என் காதிலேயே சொன்னார்: "அய்யோ வேணாம் கண்ணு. அதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் காய் அள்ளறது?" அதுவும் போயிற்று.

முடிவு இ: கண்காட்சி நாள் காலை. நூலகக் கூடம். எனக்குத் துணிச்சல் போதவில்லை. இரண்டு அட்டை எழுதியிருந்தேன். ஒன்றில், "உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி." அது பொய். ஐந்து மாதம் அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எழுதினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மற்றதில், "இரண்டு பிரதிகள் உள்ளன. இன்னொன்று உபயோகத்தில் இருக்கிறது." உபயோகத்தில் இருக்கிறது என்று இருபது வருஷத்தில் நான் எந்தப் புத்தகத்துக்கும் எழுதியதில்லை. இரண்டையும் எல்கானா கையில் கொடுத்தேன்.

"உங்க புத்தகம். நீங்களே வைங்க."

"யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்கும் மஸ்லியாவுக்கும் உங்களுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

இரண்டு அட்டையையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது வாசலில் ஷெமாயா வந்து இறங்கினார், தற்செயலாக எல்கானாவுடையது மாதிரியே சாம்பல் நிறக் கோட்டு.* பின்னாலேயே மஸ்லியா, கடையைப் பூட்டிவிட்டு, ஏப்ரனைக் கழற்ற மறந்து. அப்புறம் பஸ் டிரைவர், அழுகிறவர், மூக்குப்பொடிக்காரர்கள் நான்கு பேர்.

(* இதையும் நான் சோடிக்கவில்லை.)

நூலகத்துப் பெண் ஒருத்தி பூங்கொத்தோடு வந்து, சகோதரர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் திணறினாள். "மன்னிக்கணும். உங்கள்ல எல்கானா தூரியேல்…?"

ஷெமாயா வாயைத் திறந்தார். எல்கானா முந்திக்கொண்டார்.

"இவன் ஷெமாயா," என்றார். ஒரு தடவை மஸ்லியாவின் ஏப்ரன் பாக்கெட்டைப் பார்த்தார். "நான் இன்னொருத்தன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடிப் பெட்டியை நோக்கி நடந்துபோய், கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அட்டை இரண்டும் ஒரே அளவு, ஒரே காகிதம், தொட்டுப் பார்த்து வித்தியாசம் தெரியாது.

எது என்று நான் எழுதப் போவதில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். நீங்கள் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். அட்டையை எடுத்து வையுங்கள்.