தீவனத் தட்டு வைத்த குளம்

அன்று காலை கரையில் இருந்தவர்கள்: குளத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய மகன், மருமகள், பயிற்சி நடத்தும் டீச்சர், பக்கத்துக் குளத்துத் தொப்பைக்காரர், வலை வீசும் நெட்டையன், பயிற்சிக்கு வந்த மீன் வளர்ப்பவர்கள் சிலர். வேறு யாரும் இல்லை.

தீவனத்தைக் கூடை கூடையாகக் கொட்டாமல், தண்ணீருக்குள் தட்டில் இறக்கி, தின்று தீர்ந்தால் மட்டும் மேலும் வைப்பது டீச்சர் சொன்ன முறை. தண்ணீரும் கெடாது, அது போய்ச் சேரும் ஓடையும் கெடாது. மருமகள் அதை இந்தச் சின்னக் குளத்தில் செய்து பார்த்தாள். இன்று வலையில் மீன் மெலிந்து வந்தால் பெரிய குளத்துப் பக்கமே தட்டு வரக்கூடாது என்பது மாமனாரின் கண்டிப்பு.

"உங்க வீட்டு மீனெல்லாம் டயட்ல இருக்காமே?" என்றார் தொப்பைக்காரர்.

"உங்களை மாதிரி வளர்ந்தா நீந்த முடியாதே, அண்ணே!" என்றாள் மருமகள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்தன.

"ஐயோ, மூச்சுத் திணறுது! மோட்டாரைப் போடுங்க!" என்று டீச்சர் கத்தினார்.

மகன் ஓடினான். மற்றவர்கள் கைக்குக் கிடைத்த வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். தொப்பைக்காரர் வேட்டியோடு குளத்தில் இறங்கித் துடுப்பு மாதிரி கையை அடித்தார். அப்போதுதான் மருமகள் பார்த்தாள்: மூலையில் ஊறிப்போன தீவனம், பக்கத்தில் காலி மூட்டை. யார் வேலை என்று புரிந்தது. பேசாமல் வாளியை எடுத்தாள்.

பெரியவர் நிமிர்ந்து நின்றார்.

"நேத்து சாயங்காலம் நான்தான் கொட்டினேன். நாலு பேர் வர்ற இடத்துல நம்ம மீன் வயிறு காஞ்சு நிக்கலாமா?"

"மிச்சம் அழுகி, தண்ணியில இருந்த காத்தையெல்லாம் தின்னுடுச்சுங்க ஐயா," என்றார் டீச்சர். "நான் ஒரு வாரம் தொண்டை கிழியச் சொன்னாலும் இவ்வளவு பளிச்சுன்னு புரிஞ்சிருக்காது."

வெயில் ஏறியதும் மீன்கள் உள்ளே இறங்கின. நன்றாகத் தெளிந்தபின் நெட்டையன் ஒரே ஒரு வீச்சு வீசினான். வலை துள்ளியது! பெரியவர் ஒரு மீனைக் கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டு குளத்திலும் ஒரே நாளில்தான் குஞ்சு விட்டார்கள்; பெரிய குளத்து மீன் இதில் பாதிகூட இல்லை.

"என்னம்மா நிக்கிற? பெரிய குளத்துக்கும் தட்டு கொண்டா!"

மீன் பாதி செத்ததென்றும், மருமகள் மாமனாரைச் சபையில் காட்டிக்கொடுத்தாள் என்றும் கடைத்தெருவில் பேச்சு. ஒரு மீன்கூடச் சாகவில்லை. அவள் வாய் திறக்கவில்லை, அவரேதான் சொன்னார்.