பேய் வேஷக்காரியின் மகள்

ஆயாம்மா சீப்பை நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாளே தவிர, அறை வாசலை விட்டு நகரவில்லை.

"தலையை மட்டும் நீங்க சீவிடுங்கம்மா. உடம்பெல்லாம் தொடச்சாச்சு. வண்டி இப்ப வந்துடும்."

உள்ளே கட்டிலில் அம்மா கிடந்தாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலைமுடியை அவிழ்த்து இரண்டு பக்கமும் விரித்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வெள்ளைத் துணி, விரிந்த தலை, வெளுத்த முகம். ஒரு காலத்தில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துப் பயந்த கோலம் அது. ஐம்பதைத் தாண்டிய மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற தாயின் பிணத்தருகே போகப் பயம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகத் தூக்கமில்லை; தன்மேல் எரிச்சல் படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அக்கா, நான் வேணா பண்ணட்டுமா?" என்றான் தம்பி. அவனுக்கு இந்தப் பயம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் யாராவது 'பேய் பெத்த புள்ள' என்றால் பல்லைக் காட்டி உறுமிவிட்டு வருவான்.

"உனக்கு சீவத் தெரியுமா? போய் வண்டி வருதா பாரு."

நடையில் காவலாளி அவனைப் பிடித்துக்கொண்டார். "சார், அம்மா கிணத்துலேர்ந்து ஏறி வருவாங்களே! அந்தப் படம் பாத்துட்டு வந்த அன்னிக்கு எங்கப்பா கொல்லைப் பக்கம் போக எங்கம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டாரு." இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருக்கும்.

எந்தப் படத்திலும் அம்மாவுக்கு வசனம் இல்லை, பாட்டு இல்லை. இடைவேளைக்கு முன்னால் செத்து, மிச்சப் படம் முழுக்க ஆவியாக அலைவாள். மகளை ஐந்து வயதில் அப்படி ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். குழந்தை வீறிட்டது, தூக்க வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இன்னும் வீறிட்டது.

அன்றிலிருந்து அம்மா ஈரத் தலையோடு வெளியே வந்ததில்லை. குளியலறையிலேயே கொண்டை போட்டுக்கொண்டுதான் தாழ்ப்பாளைத் திறப்பாள். காய்ச்சலில் மகளைத் தொட்டுப் பார்க்க வந்தால் முதலில் விளக்கைப் போடுவாள். மகள் கண் விழித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

முடிந்திருந்தால் இன்றும் கொண்டை போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

அதை நினைத்ததும் மகள் கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போனாள். முடியை அள்ளினாள். அள்ள என்ன இருந்தது? படத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கியதெல்லாம் சவுரி. இருந்த நாலு முடியைச் சிக்கெடுத்துச் சுற்றி முடிந்தாள். கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்குக்கூடத் தேறவில்லை.

பிறகு முகத்தைப் பார்த்தாள். அது திரும்பிக்கொள்ளவில்லை. இடது புருவத்துக்குள் தையல் போட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. எப்போது அடிபட்டது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. குனிந்து, இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"ஆச்சாக்கா? வண்டி வந்துடுச்சு."

கொண்டை முடிந்து வெகு நேரமாகியிருந்தது.

"இன்னும் இல்லடா," என்றாள், கண்ணை எடுக்காமல்.