அரை மில்லிமீட்டர்

அந்த லேப்டாப் நான்காவது தடவையாகக் கடைக்குள் வந்தபோது, தம்பி கவுண்ட்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதபோதெல்லாம் அவன் செய்கிற வேலை அது. நான்கு மாதத்தில் நான்கு தடவை. பல் டாக்டரிடம்கூட யாரும் இத்தனை தடவை போவதில்லை.

"அக்கா, அவங்க வந்திருக்காங்க," என்று கீழேயிருந்தே குரல் கொடுத்தான்.

எவங்க என்று அவன் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அந்தப் பெண் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு மாடிப்படிகளை வரைந்து கொடுப்பவள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் படி படியாக எழுப்பி, சுற்றிச் சுற்றிக் காட்டும் படங்கள். அவள் இல்லாத நேரத்தில் தம்பி அவளைப் 'படிக்கட்டு' என்பான். அக்கா முறைத்தால் நிறுத்திக்கொள்வான், ஒரு நாளைக்கு மட்டும்.

கடையில் ரிப்பேர் வேலை முழுக்க அக்காவுடையது. பேச்சு வேலை தம்பியுடையது. தெருவில் அவளுக்கு 'ஸ்பிரிட் அக்கா' என்று பெயர். எந்த மெஷினைத் திறந்தாலும் முதல் காரியமாகப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பழைய பசை, தூசி, கறை எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்றே யோசிப்பாள். எங்கள் அக்கா கைபட்ட போர்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று தம்பி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். அக்காவுக்கும் அந்தச் சுத்தத்தில் கர்வம் உண்டு. கொஞ்சநஞ்சமல்ல.

"பழையபடிதானா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

"பழையபடிதான்க்கா. ஸ்கிரீன்ல கோடு கோடா வருது. ஃபேன் கத்துது. அப்புறம் கறுப்பாயிடுது. ஆறவெச்சா கொஞ்ச நேரம் ஓடுது."

கோளாறு கிராபிக்ஸ் கார்டில், திரையில் படம் காட்டும் பாகத்தில். முதல் தடவை அதன் சிப்பைக் கழற்றி, அடியில் புது ஈயம் வைத்துத் திரும்பப் பொருத்திக் கொடுத்திருந்தாள். நான்கு வயதான மெஷின், அப்படி ஆவது சகஜம். ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. சிப்பையே மாற்றினாள். ஆறு வாரம். ஃபேனை மாற்றி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகப் போட்டாள். அதற்கும் ஆறு வாரம்தான் ஆயுள். ஒவ்வொரு தடவையும் கடையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும்போது சமர்த்துப் பிள்ளையாக ஓடும்.

ஒவ்வொரு தடவையும் அவள் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். மெத்தை மேல் வைத்து வேலை செய்தீர்களா? மடியில் வைத்தீர்களா? தலையணை, போர்வை, ஏதாவது காற்றை அடைத்ததா? வாடிக்கையாளர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவளுடைய இருபது வருட அனுபவம்.

இந்தத் தடவையும் அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"மெத்தை மேல வெக்கலக்கா. மடியில வெக்கல. தலையணை பக்கத்துலகூட இல்ல." குரலில் கோபம் இல்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "திங்கக்கிழமை ஒரு பெரிய கட்டடத்தோட படி முழுசும் அனுப்பணும். ரெண்டு தடவை தவறிட்டேன். இது கடைசி வாய்ப்புன்னு ஆபீஸ்ல எழுதியே குடுத்துட்டாங்க. இந்த வேலை போச்சுன்னா எங்க வீட்ல வேற சம்பளம் கிடையாது."

அன்று வெள்ளிக்கிழமை. அக்கா மெஷினை வாங்கவில்லை.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலைல நான் வர்றேன். நீங்க எப்படி வெச்சு வேலை செய்யறீங்கன்னு என் கண்ணால பாக்கணும்."

சொல்லும்போது உதவி செய்கிறவள் மாதிரிதான் சொன்னாள். உண்மையில் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனாள்.

மறுநாள் பிடிபட ஒன்றும் இல்லை. மாடியில் ஒரு சின்ன அறை. மேஜை மேல் பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டு, அதன் மேல் லேப்டாப், அடியில் காற்று தாராளமாகப் போகும். தரையில் ஒரு தூசி இல்லை. அறையில் இருந்த ஒரே மேஜை விசிறி முழுசாக மெஷின் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் வேலையைத் தொடங்கிக் காட்டியபோது அவள் கழுத்திலிருந்து வியர்வை வழிந்து ரவிக்கை முதுகு நனைந்தது. விசிறிக் காற்றில் ஒரு துளிகூட அவள் பக்கம் வரவில்லை.

பதினோராவது நிமிடம் திரை ஓரத்தில் சூடு தொண்ணூற்றேழு டிகிரி காட்டியது. படிக்கட்டின் குறுக்கே பச்சைக் கோடுகள் விழுந்தன. திரை கறுத்தது.

அப்போதுதான் அக்கா வாசலைப் பார்த்தாள். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று நிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தது.

"உள்ள வா பாப்பா," என்றாள் அக்கா.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. வரவில்லை.

"அவ வரமாட்டாக்கா," என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணாவது தடவை கெட்டப்போ நீங்க தலையணைன்னு கேட்டீங்கல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை அவ இத தலையணை மேல வெச்சுப் படம் பாத்தது எனக்கு ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து நாலு சாத்து சாத்திட்டேன். நான் இதுவரைக்கும் அவளத் தொட்டதே இல்ல. அன்னைக்கு ஏதோ ஆத்திரம். அதுலேருந்து இந்த ரூமுக்குள்ளயே வர்றதில்ல."

அக்கா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தர்றேன்," என்றாள். "இது இன்னொரு தடவை என் கடைக்கு வராது."

கடைக்குத் திரும்புகிற வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அறை பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் கோளாறு மெஷினுக்குள்தான் இருக்க வேண்டும். உள்ளே நாமே மூன்று தடவை போய்வந்திருக்கிறோம், எப்படிக் கண்ணில் படாமல் போனது? போனது போகட்டும், இன்று அது கிடைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை.

மேஜையில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினாள். கை தன்பாட்டுக்குப் பஞ்சை எடுத்தது. ஸ்பிரிட் பாட்டிலின் மூடியையும் திறந்துவிட்டது.

அங்கேதான் நின்றாள். மூன்று தடவையும் இப்படித்தான் தொடங்கினோம், பார்ப்பதற்கு முன்னாலேயே துடைத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டேய், இந்தப் பாட்டில எடுத்துட்டுப் போ. நான் கேட்டாலும் குடுக்காத."

தம்பி பாட்டிலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

சிப்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும் செம்புத் தகட்டை அவள் மெதுவாக, நேர் மேலாகத் தூக்கினாள். சிப்பின் மேல் ஆறு வாரத்துக்கு முன் வைத்த பசை அப்படியே இருந்தது. அதுதான் தப்பு. தகடு சரியாக அழுத்தியிருந்தால் பசை நசுங்கி மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். இதுவோ வைத்தது வைத்தபடி மேடாக நின்று, ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தது. தகடு சிப்பைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு நூல் இடைவெளி.

எது தடுத்தது என்று பக்கத்தில் பார்த்தாள். சிப்பைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன மெமரி சிப்களின் மேல், சூட்டைக் கடத்துவதற்காக அவள் வெட்டி வைத்த நீல நிற ரப்பர் பட்டைகள். நல்ல கனம். அவைதான் தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

அளவுகோலை எடுத்து அளந்தாள். ஒன்றரை மில்லிமீட்டர். உதிரிக் குவியலில் அதே மாடல் செத்த மெஷின் ஒன்று கிடந்தது. யாரும் கைவைக்காதது. அதைத் திறந்து அதன் பட்டையை அளந்தாள். ஒரு மில்லிமீட்டர்.

முதல் தடவையே பழைய பட்டைகளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அளக்காமல், தன்னிடமிருந்த நீலத்தை வைத்தது அவள்தான். கனமாக, மெத்தென்று இருந்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். புதுப் பசை ஈரமாக இருக்கிறவரை அந்த இடைவெளியை நிரப்பும், மெஷின் ஓடும். ஆறு வாரத்தில் காயும், மெஷின் வேகும். மெத்தை மேல் வைத்தீர்களா என்று ஊரையே கேட்டவள், உள்ளே தானே மெத்தை போட்டிருந்தாள். அவமானத்தில் அவள் காது மடல் சுட்டது.

வேலையைத் தொடங்கினாள். ஒரு மில்லிமீட்டர் பட்டை வாங்கிவரத் தம்பியை அனுப்பினாள். அவன் வாங்கி வந்ததையும் நான்கு இடத்தில் அளந்த பிறகுதான் வெட்டினாள். பசை வைத்து, மூடி, திரும்பத் திறந்து, பசை படலமாக நசுங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தாள். மறுபடி புதுசாக வைத்து மூடினாள். ஞாயிறு காலையிலிருந்து ஏழு மணி நேரம் மெஷினை விடாமல் வேலை வாங்கினாள். சூடு எழுபத்தொன்றில் ஏறி, அங்கேயே நின்றது. இத்தனை நாள் வெந்தும் சிப் சாகாமல் தப்பியிருந்தது.

தம்பிக்கு மகா சந்தோஷம். "விட்டுதுக்கா சனியன். குடுத்துட்டு வந்துடு. இனிமே கெடாது, அவங்களும் வரமாட்டாங்க."

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

"ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொல்லு. வேற என்ன? யாரு உள்ள திறந்து அளக்கப்போறாங்க?"

அக்கா ரிப்பேர் நோட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். நீலப் பட்டை வைத்த மெஷின்களுக்கு எதிரே புள்ளி வைத்திருந்தாள். இதைத் தவிர இன்னும் ஒன்பது.

"ஒன்பது பேருக்கும் போன் பண்ணி நாங்கதான் கெடுத்தோம்னு சொல்லப்போறியா? கடைய இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான். உனக்கென்ன, நீ உள்ள உக்காந்திருப்ப. கவுண்ட்டர்ல நிக்கறது நான்."

"அந்தக் குழந்தை அடி வாங்கியிருக்குடா."

"எந்தக் குழந்தை?"

அக்கா சொன்னாள். தம்பி கடைசிவரை கேட்டான். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒன்பது பேரின் நம்பரையும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தான். ஆறாவது நம்பரில் நிறுத்தி, "இவர் ரொம்பக் கத்துவாரு," என்றான். பிறகு அதையும் எழுதினான்.

சாயங்காலம் அக்கா அந்த மாடிக்குப் போனபோது கதவைத் திறந்த அந்தப் பெண், முதலில் பையைத்தான் பார்த்தாள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, பட்டை, இடைவெளி, அளக்காதது, மூன்று தடவையும் துடைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை.

"முதல்ல கெட்டது மெஷினோட வயசு. அதுக்கப்புறம் கெட்டதெல்லாம் என் வேலை. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அந்தப் பெண் பையை வாங்கவில்லை. பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டீங்க."

"ஆமா."

"நானும் நம்பினேன். நான்தான் ஏதோ பண்றேன்னு."

"ஆமா. மன்னிச்சுக்கங்கன்னு கேக்கற தகுதிகூட எனக்கு இல்ல."

"என்கிட்ட கேக்க வேணாம்." அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "அவகிட்ட சொல்லுங்க. எனக்கு அவ முகத்தப் பாத்து சொல்ல வாய் வரல."

குழந்தை வந்து நின்றது. அக்கா முழங்காலை மடக்கி அதன் உயரத்துக்கு உட்கார்ந்தாள். கோபக்கார வாடிக்கையாளர்களிடம் பேசத் தம்பி இருந்தான். இதற்கு ஆள் இல்லை.

"பாப்பா, அம்மாவோட லேப்டாப்ப நீ கெடுக்கல. நீ படம் பாத்ததால ஒண்ணும் ஆகல. நான்தான் கெடுத்தேன். அளந்து பாக்காம ஒரு சாமான உள்ள வெச்சுட்டேன்."

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. நம்பலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கேட்டது:

"உங்கள யாரு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கலம்மா," என்றாள் அக்கா.

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் தலையில் முகத்தைப் புதைத்து விசும்பி விசும்பி அழுதாள். குழந்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. அக்கா பையை மேஜை மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

ஒன்பது பேரிடமும் நாளைக் காலை கடையிலிருந்து பேசலாம் என்றுதான் தம்பி சொல்லியிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வெளியே சுவரோரமாக நின்று, இடுப்பில் மடித்துச் செருகியிருந்த நம்பர் தாளை எடுத்து, முதல் நம்பரைப் போட்டாள். யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், லேப்டாப் ரிப்பேர் கடையிலேருந்து பேசறேன். உங்க மெஷின்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இப்பவே கொண்டுவாங்க, சரிபண்ணித் தர்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "அதுக்கு முன்னால ஒரு விஷயம். அது சூடாகறதுக்கு வீட்ல யாரையாவது திட்டியிருந்தீங்கன்னா, முதல்ல அவங்களக் கூப்பிட்டு அவங்க பேர்ல தப்பில்லன்னு சொல்லிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."